ஒரு மூட்டை பட்டுக் கழிவு

2024 டிசம்பர் 9, திங்கள்

குரங்கு மறுபடியும் கட்டைப் பிரித்துப் போட்டுவிட்டது. கோபுரத்தை ஒட்டிப் போகிற மின்கம்பியைப் பிடித்து உள்ளங்கை வெந்து வந்த குரங்கு. பதினோரு நாளில் இது ஐந்தாவது கட்டு. டாக்டர் ஆதிகேசவன் சனிக்கிழமையே சொன்னார், இதற்குக் கட்டுப் போடுவதைவிட இதற்கே கட்டுப் போடக் கற்றுக் கொடுத்துவிடலாம் என்று. ஓய்வுபெற்ற மாட்டு டாக்டர். வாரத்தில் இரண்டு நாள் வருவார், மற்ற நாளெல்லாம் போனில் திட்டுவார்.

மத்தியானம் மையத்தின் அனுமதியைப் புதுப்பிக்கிற படிவத்தை நிரப்பினேன். இடம்: ஓரிக்கை, பாலாற்றங்கரை. வேலை: அடிபட்ட காட்டுயிர்களை மீட்டு, தேற்றி, எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடுவது. பொறுப்பாளர்: துர்கா. பணியாளர்: ஒருவர்.

ஒருவர் என்று எழுதும்போது சிரிப்பு வந்தது. கங்கா ஒருத்தி மூன்று பேர் வேலை பார்க்கிறாள். கங்கையம்மாள் என்று முழுப்பெயரை அங்கே எழுதவேண்டியிருந்தது. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். நான் பேர் சொல்லிக் கூப்பிடுகிறேன், அவள் என்னை மேடம் என்கிறாள். எட்டு வருஷமாக அப்படித்தான் ஓடுகிறது.

டிசம்பர் 14, சனி

இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

இரண்டு நாளாக மழை, காற்று. காலையில் கூரம் பக்கத்து ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள் போன் செய்தார்கள். ஏரி நடுவில் இருக்கிற திட்டில் கருவேல மரங்கள் பாதிக்குமேல் சாய்ந்துவிட்டன, நாரைக் கூடுகள் தண்ணீரில் கிடக்கின்றன என்று. கங்காவுக்கு அந்த ஊர்தான். அவள் எனக்கு முன்னால் கரையில் நின்றாள்.

தெர்மாகோல் தெப்பத்தில் போனோம். நத்தை குத்தி நாரைகள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவற்றுக்குக் கூடு கட்ட அந்த ஒரு திட்டுதான். சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் நாய் வராது, பூனை வராது, ஆள் வரமாட்டான். அந்த நம்பிக்கையில் வருஷாவருஷம் வருகின்றன. இன்று மிச்சமிருந்த நாலைந்து மரத்தில் பெரிய பறவைகள் வரிசையாக நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றுக்குக் குரல் கிடையாது. அலகைத் தட்டும், அவ்வளவுதான். அந்தத் தட்டல் சத்தத்திலேயே நாங்கள் குஞ்சு பொறுக்கினோம்.

உயிரோடு இருபத்தொன்பது. பத்து, பதினைந்து நாள் குஞ்சுகள். பயத்தில் தின்ற நத்தையையெல்லாம் எங்கள் மேலேயே கக்கின.

வனத்துறை ரேஞ்சர் கரைக்கே வந்தார். எடுத்துக்கொண்டு போங்கள், ஆனால் பிப்ரவரி முடிவதற்குள் இதே திட்டில் கொண்டுவந்து விடவேண்டும் என்றார். பெரிய பறவைகள் கிளம்புவதற்குள் கூட்டத்தோடு சேர்ந்தால்தான் எங்கே மேய்வது, எங்கே போவது என்று குஞ்சுகளுக்குத் தெரியும். அதற்குள் முடியாவிட்டால் ஆயுசுக்கும் சென்னையில் கூண்டுதான்.

முடியும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

விடிவதற்குள் இரண்டு குளிரில் விறைத்துச் செத்துவிட்டன. வைக்கோல் முழுக்க ஈரம். கோணியும் ஈரம். எங்கே போய்க் காய்ந்த பொருளுக்கு அலைவது என்று நின்றபோதுதான் அடுத்த மனையில் மாணிக்கவேல் அண்ணன் தறிக்கூடம் கண்ணில் பட்டது. பாய்ந்து போய்க் கேட்டேன். பட்டு நூல் கழிவு ஒரு மூட்டை தூக்கிக் கொடுத்தார். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, பாசிப்பச்சை, எல்லாம் கலந்து.

எங்கள் தெருவில் பிறந்த பிள்ளைக்குத் தலையணை இதில்தான் தைப்பார்கள். நானும் அதில் தலைவைத்து வளர்ந்தவள்தான். இதைவிட மிருது உலகத்தில் உண்டா? இதைவிடச் சூடு உண்டா? பெட்டி பெட்டியாகப் பரப்பிக் குஞ்சுகளை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். 'காஞ்சிபுரத்துக் குஞ்சுகளுக்குப் பட்டு மெத்தை.' நூற்றுக்கும் மேலே இதயம் விழுந்தது.

கங்கா மட்டும் ஒரு பிடி எடுத்து விரலில் சுற்றி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கே வருமுன் பதினைந்து வருஷம் பாவு பிணைத்தவள். தறியில் ஒரு சேலை முடிந்ததும் பழைய பாவின் ஒவ்வொரு இழையோடும் புதுப் பாவின் இழையைச் சேர்த்து விரலால் முறுக்கவேண்டும். ஆயிரக்கணக்கில். அதுதான் அவள் வேலை. பழக்கதோஷத்தில் நூலைப் பார்த்தால் விரல் போகிறது போலிருக்கிறது.

"வைக்கோலு காயட்டுமே மேடம்" என்றாள்.

வைக்கோல் காய்வதற்குள் குஞ்சு செத்துப்போகும் என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன்.

டிசம்பர் 18, புதன்

இருபத்தேழும் தின்கின்றன. கங்கா வயலில் போய் ஒரு குடம் நத்தை பொறுக்கி வந்து ஓட்டை உடைத்து ஊட்டினாள். அடையாளத்துக்கு ஒவ்வொன்றின் அலகிலும் நெயில் பாலிஷில் எண் போட்டேன். ஏழாம் எண் படு ரவுடி. பக்கத்துக் குஞ்சின் வாய்க்குள்ளிருந்தே பிடுங்குகிறது.

டிசம்பர் 22, ஞாயிறு

மூன்று குஞ்சுகளுக்குக் கால் விரல் வீங்கியிருக்கிறது.

போட்டோ அனுப்பினேன். டாக்டர் போனிலேயே சொன்னார், தரை ஈரமும் எச்சமுமாக இருந்தால் பாதத்தில் சீழ் பிடிக்கும், பார்த்த மட்டில் அப்படித்தான் தெரிகிறது என்று. மருந்து சொன்னார். வெந்நீரில் உப்புப் போட்டு ஒரு நாளைக்கு மூன்று தடவை காலை ஊறவைக்கச் சொன்னார்.

டிசம்பர் 24, செவ்வாய்

இப்போது ஒன்பது குஞ்சுகளுக்கு வீக்கம். இருபத்திரண்டாம் எண் காலையில் செத்துக் கிடந்தது.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். தரையைப் பார்த்தார். மூலையில் எச்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. நேற்றுக் கங்கா அரைமணி நேரம் முன்னாலேயே கிளம்பியிருந்தாள், மகள் காலேஜில் ஏதோ கூப்பிட்டார்கள் என்று. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. டாக்டர் இருந்தார், மாணிக்கவேல் அண்ணனும் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். கத்தினேன்.

"சுத்தம்னா என்னன்னு உனக்கெல்லாம் யாராவது சொல்லித் தரணுமா?"

அவள் கையிலிருந்த துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். ரப்பர் பூட்ஸைக் குழாயடியில் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். "சரி மேடம்" என்றாள். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று நான் சொன்னபோது அவள் கேட்டைத் தாண்டியிருந்தாள். கேட்டதா தெரியவில்லை.

சாயங்காலம் ரேஞ்சருக்கு அறிக்கை அனுப்பினேன். பணியாளர் கங்கையம்மாளின் சுகாதாரக் குறைவால் கால் தொற்று, பணியாளர் நீக்கப்பட்டார்.

எழுதும்போது சரியாகத்தான் இருந்தது.

டிசம்பர் 25, புதன்

வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அவள் கேக் கொண்டுவருவாள். பேப்பரில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, என் மேசைமேல் வைத்துவிட்டுப் போவாள். நான் "வீட்டுல போயி சாப்பிடறேன்" என்பேன். வீட்டில் மாமியார் தொடமாட்டார். யார் வீட்டு அடுப்பு என்று கேட்டால்தானே நான் சண்டை போடமுடியும், அவர் கேட்பதே இல்லை, தள்ளி வைப்பார். நானும் பேசாமல் மாட்டுத் தொட்டியில் போட்டுவிடுவேன். ஏழு வருஷம். ஒரு துண்டுகூட நான் தின்றதில்லை.

இன்றைக்கு ஏன் இது ஞாபகம் வருகிறது?

டிசம்பர் 27, வெள்ளி

நானே மூன்று வேளையும் தரையைக் கழுவுகிறேன். நக்கித் தின்னலாம், அவ்வளவு சுத்தம். பழைய பட்டையெல்லாம் வாரிக் கொட்டிவிட்டு மாணிக்கவேல் அண்ணனிடம் புது மூட்டை வாங்கி, முன்னைவிடக் கனமாகப் பரப்பினேன். இன்னும் இரண்டு போய்விட்டன.

டிசம்பர் 30, திங்கள்

மேலும் இரண்டு. இருபத்திரண்டு மிச்சம். பதினான்குக்கு வீக்கம். ஊறவைக்கிறேன், மருந்து தடவுகிறேன், ஊறவைக்கிறேன். என் கையே வெந்து சுருங்கிவிட்டது.

ஏழாம் எண் ஒற்றைக்காலில் நிற்கிறது. நாரை ஒற்றைக்காலில் நிற்பது அழகு என்று ஊரே சொல்லும். இது வலியில் நிற்கிறது.

ஆண்டவனே, நான் என்ன தப்பு செய்கிறேன்?

2025 ஜனவரி 2, வியாழன்

தெரிந்துவிட்டது.

பதினெட்டாம் எண் செத்துப்போனது. எடுக்கும்போது அதன் கறுத்த விரல் ஒன்று என் கையோடு வந்துவிட்டது. வந்த இடத்தில் சின்னதாக ஒரு நிறம். ரத்தம் என்று நினைத்தேன். ரத்தம் மயில் கழுத்து நிறத்தில் இருக்குமா?

இழுத்தேன். வந்தது. வந்துகொண்டே இருந்தது. விரலைச் சுற்றி நாலைந்து சுற்று. தலைமயிரைவிட மெல்லிசான பட்டு இழை.

குஞ்சு காலை உதைத்துக்கொண்டே இருக்கும். இழை சுற்றிக்கொள்ளும். கால் வளரும், பட்டு வளராது, அறாது. வளர வளரத் தோலுக்குள் இறங்கிவிடும், மேலே சதை மூடிக்கொள்ளும். வெளியே பார்த்தால் வெறும் வீக்கம்.

மெத்தை போட்டேனாம் மெத்தை! என் கையால் ஒவ்வொரு குஞ்சையும் தூக்கி அந்தச் சுருக்கில் வைத்திருக்கிறேன். வீங்கிய பிறகு, செத்த பிறகு, புதுசாக இன்னொரு மூட்டை வேறு. அடிப்பாவி. அடிப்பாவி துர்கா.

டாக்டர் வந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "எனக்கும் தோணலைம்மா, தரையைப் பாத்தேன், காலைப் பாக்கல" என்றார். பட்டையெல்லாம் வாரி வெளியே கொட்டினோம். இழை எடுக்க முயன்றோம். அவருக்குக் கை நடுங்குகிறது, எனக்குக் கண் கலங்குகிறது. இழை எங்கே போகிறது என்று தெரியாமல் சதையைக் கிழிக்கிறோம். ஒன்று என் மடியிலேயே ரத்தம் கக்கிப் போய்ச் சேர்ந்தது.

இருபது மிச்சம். பன்னிரண்டு கால்களுக்குள் பட்டு இருக்கிறது. இன்னும் நாலைந்து நாளில் எடுக்காவிட்டால் பாதம் போய்விடும், பாதம் போன நாரை தண்ணீரில் நிற்கமுடியாது, நிற்கமுடியாதது தின்னமுடியாது, அதனால் ஊசி போட்டுவிடுவதே நல்லது என்கிறார் டாக்டர்.

இழையைக் கண்ணால் பார்க்கமுடியாது. விரலுக்குத் தெரியவேண்டும்.

யாருடைய விரலுக்கு என்று எனக்குத் தெரியும். போய் நிற்கிற முகம்தான் இல்லை.

ஜனவரி 3, வெள்ளி

கூரம் போனேன். அவள் வீட்டில் கணவர் முனுசாமி இருந்தார். உட்காரச் சொல்லவில்லை. ஊருக்குள் ஒரு தறிவீட்டில் பாவு பிணைக்கப் போயிருக்கிறாள் என்று சொன்னார். நான் விரட்டிய மறுவாரமே பழைய வேலைக்குப் போய்விட்டிருக்கிறாள்.

தறிக்குப் பின்னால் காலை மடித்து உட்கார்ந்திருந்தாள். ஒரு கொட்டாங்குச்சியில் சாம்பல். விரலில் தொட்டுக்கொள்கிறாள், பழைய இழை, புது இழை, ஒரு முறுக்கு. அடுத்தது. என்னைப் பார்த்தாள். கை நிற்கவில்லை. நான் வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் கொட்டினேன், அழுதேன், மன்னிப்பு என்ற வார்த்தையும் எங்கேயோ வந்தது. அவள் கேட்டது இரண்டே கேள்வி.

"பட்டா?"

"ஆமா."

"எத்தினி காலு?"

"பன்னெண்டு."

கையிலிருந்த வரிசையை முடித்து முடிச்சுப் போட்டாள். தறிக்காரரிடம் ஏதோ சொன்னாள். என் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

வந்ததும் வெந்நீர்ப் பாத்திரத்தைத் தள்ளிவிட்டாள். "ஈரத்துல பட்டு தோலோட ஒட்டிக்கினு இருக்கும். காயட்டும்" என்றாள். நான் பத்து நாளாக ஊறவைத்திருக்கிறேன்! விசிறியைப் போட்டுக் கால்களைக் காயவிட்டோம். பிறகு ஏழாம் எண்ணை மடியில் கவிழ்த்து, கண்ணை மூடிக்கொண்டு, கட்டைவிரல் நகத்தால் அதன் காலை மேலிருந்து கீழே தடவினாள். ஓர் இடத்தில் நின்றாள். "இங்க." ஊசி முனையை வைத்து ஒரு நெம்பு. இழை மேலே எழுந்தது. நான் கத்தரித்தேன்.

ஒரு காலுக்கு ஒரு மணி நேரம் ஆனது. இன்று ஐந்து கால் முடிந்தது. அவள் தன் பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீரைத்தான் குடித்தாள். மேடம் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஜனவரி 6, திங்கள்

பன்னிரண்டும் முடிந்தது. மூன்றைக் காப்பாற்ற முடியவில்லை. இன்னும் இரண்டுக்குப் பாதம் போய்விட்டதால் டாக்டர் ஊசி போட்டார். நான் பிடித்துக்கொண்டேன். பிடித்தே ஆகவேண்டும் என்று நானே கேட்டேன். ஏழாம் எண்ணுக்கு ஒரு நடுவிரல் விழுந்துவிட்டது, பாதம் தப்பித்தது.

பதினைந்து.

கிளம்பும்போது கேட்டேன், அன்றைக்கே தெரியுமா என்று. சந்தேகம்தான், அதனால்தான் வைக்கோல் காயட்டும் என்று சொன்னதாகச் சொன்னாள். விரட்டும்போதாவது சொல்லியிருக்கலாமே என்றேன். எனக்கு அந்த நிலையிலும் அவள்மேல் ஒரு குற்றம் தேவைப்பட்டது, பார்.

"நீ பட்டைப் பத்தியா கேட்ட? சுத்தத்தைப் பத்தி இல்ல கேட்ட?"

கேட் வரை போய்த் திரும்பினாள்.

"ரேஞ்சர் ஆபீஸ்ல இருந்து போன் பண்ணாங்க. என் பேரைப் போட்டு எழுதிக் குடுத்திருக்கியாமே. என் பொண்ணு ஏனாத்தூர்ல நர்சிங் படிக்குது. உங்கம்மா அசுத்தத்தால குருவி செத்துச்சாமேன்னு அது காதுக்கும் போயிருக்குது. நான் குஞ்சுக்காகத்தான் வந்தேன். அந்தக் காகிதம் அப்படியேதான் இருக்குது."

உனக்கெல்லாம். அன்றைக்கு நான் சொன்ன அந்த 'எல்லாம்'. அவள் ஒருத்தியைத்தானே திட்டினேன், அதற்குள் இன்னும் யாரையெல்லாம் சேர்த்தேன்? டாக்டர் தரையைக் காட்டினார், உண்மை. ஆனால் காட்டியதும் அவ்வளவு சுலபமாக நான் நம்பினேனே. வேறு யார் பெருக்கியிருந்தாலும் அப்படி நம்பியிருப்பேனா?

ஜனவரி 8, புதன்

ரேஞ்சரிடம் போனில் சொன்னேன். அவர் நல்லவர்தான். இப்போது மாற்றி எழுதினால் கோப்பு மேலே போகும், மையத்தின் தவறு என்றால் பறவைகளைச் சென்னைக்குக் கொண்டுபோய்விடுவார்கள், பிப்ரவரியில் விட்டு முடித்த பிறகு எழுதுங்கள் என்றார். ஒரு பணியாளர் பேர்தானே, அவசரம் என்ன என்றார்.

சரி என்று வைத்துவிட்டேன்.

ஜனவரி 10, வெள்ளி

குஞ்சுகளுக்காகத்தான் காத்திருக்கிறேன். திட்டுக்குப் போகவேண்டிய குஞ்சுகள், கூண்டுக்குப் போய்விடக்கூடாது.

மேலே எழுதியது பாதி பொய். ஒன்பது வருஷம் கட்டிய மையம். ஊரில் நாரை துர்கா என்று பேர். அதையும் நினைத்துத்தான்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

பொங்கலன்றும் வந்தாள். அவள் சம்பளத்துக்கு வருகிறாளா என்றுகூட நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. புண் ஆறிய கால்களை நகத்தால் மறுபடி தடவி, மிச்ச இழை இருக்கிறதா என்று பார்க்கிறாள். வீட்டிலிருந்து பொங்கல் கொண்டுபோனேன். அப்புறம் சாப்பிடுவதாகச் சொன்னாள். சாயங்காலம் டப்பா மூடியபடியே மேசைமேல் இருந்தது.

நான் ஒரு வாய் தின்றிருந்தால்தானே அவள் தின்னவேண்டும்.

ஜனவரி 19, ஞாயிறு

புது அறிக்கையை ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். 'படுக்கைப் பொருளைத் தேர்வு செய்ததில் நேர்ந்த கவனக்குறைவு' என்று எழுதினேன். யாருடைய கவனக்குறைவு? 'மையத்தின்' என்று எழுதினேன். மையம் போய்ப் பட்டு வாங்கி வந்ததா?

ஆறாவது தடவை எழுதியதைக் கிழிக்கவில்லை: பட்டுக் கழிவைப் பரப்பியது நான். வேண்டாம் என்று சொன்ன பணியாளரைக் கேட்காதது நான். அவர்மேல் பழி எழுதியதும் நான். இழையைக் கண்டு எடுத்துப் பதினைந்து பறவைகளைக் காப்பாற்றியவர் கங்கையம்மாள்.

ஜனவரி 20, திங்கள்

கையில் கொடுத்துவிட்டேன். ரேஞ்சர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஏம்மா?" என்றார். நகல் ஒன்றில் முத்திரை வாங்கி, கூரம் போய்க் கங்கையம்மாள் கையில் கொடுத்தேன். மகள் திரிஷா அதை வாங்கிச் சத்தமாகப் படித்தாள். முனுசாமி வாசலில் வந்து நின்று கேட்டார். படித்து முடித்ததும் திரிஷா மடித்துத் தன் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

ஜனவரி 27, திங்கள்

உத்தரவு வந்தது. விசாரணை முடியும்வரை நான் பொறுப்பில் இல்லை. பறவைகளைத் தொடக்கூடாது. அவற்றை என்ன செய்வது என்று பிறகு முடிவாகும்.

பிறகு என்றால் எப்போது? பெரிய பறவைகள் உங்கள் கோப்புக்காகக் காத்திருக்குமா?

பிப்ரவரி 4, செவ்வாய்

வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறேன். மாணிக்கவேல் அண்ணன் தறிக்கூடத்துச் சந்திலிருந்து பார்த்தால் கூண்டு தெரியும். இறக்கையை விரித்து விரித்து அடிக்கின்றன. எல்லாம் ஆற்றுப் பக்கம் முகம் வைத்து நிற்கின்றன. மாணிக்கவேல் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்று, "நான்தானேம்மா மூட்டையைத் தூக்கிக் குடுத்தேன்" என்றார். இல்லை அண்ணா, கேட்டது நான் என்றேன்.

சென்னையிலிருந்து வண்டி வருகிறது என்கிறார்கள். வந்தால் குறுக்கே படுத்துவிடுவேன். படுத்து? என்ன கிழிக்கப்போகிறேன்?

பிப்ரவரி 6, வியாழன்

ஊமையாக இருந்து தொலைத்திருந்தால் இந்நேரம் திட்டுக்குப் போயிருக்கும். உண்மை சொன்னவளாகிவிட்டேன், அதற்கும் குஞ்சுகள்தான் விலையா?

பிப்ரவரி 12, புதன்

டாக்டர் ஆதிகேசவன் மேலதிகாரியைப் போய்ப் பார்த்திருக்கிறார். கூடவே கங்கையம்மாள். கால்கள் ஆறிவிட்டன என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டாராம். பதினைந்து குஞ்சுகளின் முப்பது காலையும் நான் தினமும் தடவிப் பார்க்கிறேன், ஒரு இழை இருந்தால் என்னைக் கேளுங்கள் என்று கங்கையம்மாள் சொன்னாராம். அதிகாரி, அந்த அறிக்கையில் வருகிற அம்மா நீங்கள்தானா என்று கேட்டாராம்.

விட அனுமதி கிடைத்துவிட்டது. நான் தெப்பத்தில் ஏறக்கூடாது.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஏரிக்கரையில் நின்றேன். தெப்பம் திட்டுக்குப் போவதையும், கங்கையம்மாள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கூடைகளைத் திறப்பதையும் பார்த்தேன். சாய்ந்த கருவேல மரத்தில் ஒவ்வொன்றாக ஏறின. ஏழாம் எண் கிளையில் கால் வைத்தது, வழுக்கியது, இறக்கையை அடித்தது. மறுபடி வைத்தது. நின்றது.

மேலேயிருந்த பெரிய பறவைகள் அலகைத் தட்டின. பதினாலு செத்தன, பதினைந்து போய்ச் சேர்ந்தன. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். ஒன்றை மட்டும் எழுத எனக்கு உரிமை இல்லை.

2025 டிசம்பர் 26, வெள்ளி

மழை விட்டிருக்கிறது. நேற்று இரண்டு ஆந்தைக் குஞ்சுகளும் ஓர் உடும்பும் வந்தன. புதுப் பொறுப்பாளர் வள்ளி, போன வருஷம்தான் படிப்பு முடித்த கால்நடை டாக்டர், எதைத் தொடுமுன்னும் அக்காவைக் கேட்கிறாள். அக்கா என்றால் கங்கையம்மாள் அக்கா. பதிவேட்டில் தலைமைப் பராமரிப்பாளர். படுக்கைக்கு வைக்கோல்தான், அதையும் ஒரு தடவை உதறி விரல் விட்டுப் பார்த்த பிறகே உள்ளே விடுகிறார்.

விசாரணை முடிந்து ஜூனில் நான் கேட்டு வாங்கிய வேலை தரை கழுவுவது. பறவையைத் தொடுவதில்லை.

காலையில் நான் மூலையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா பையிலிருந்து கேக்கை எடுத்தார். அதே மாதிரி பேப்பர், ரப்பர் பேண்ட். வள்ளிக்குக் கொடுத்தார், டாக்டர் ஆதிகேசவனுக்குக் கொடுத்தார். பிறகு என்னிடம் வந்தார். இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஒரு துண்டை நீட்டினார்.

"துர்கா, வீட்டுக்கு எடுத்துக்கினு போவாத. இங்கயே தின்னு."

ஏழு வருஷமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பக்கெட்டில் கையைக் கழுவிக்கொண்டு வாங்கினேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றபடி தின்றேன். தின்று முடித்ததும் மூலையில் இன்னும் ஈரம் இருக்குது என்றார். மறுபடியும் துடைத்தேன்.